பிப் "ஏற்கனவே இருக்கு"ங்குது, பைத்தான் "இல்லவே இல்ல"ங்குது: எதை நம்புறது?

தேவகோட்டை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கு. காலேஜ்ல ரெண்டாம் வருசம், வீட்டுல ஆத்தங்குடி கல் பட்டறை வச்சிருக்காங்க. அப்பா ஆர்டரெல்லாம் எக்ஸெல்ல ஏத்தி வச்சிருக்காரு, அத பாண்டாஸ்ங்கற பைத்தான் லைப்ரரி (அட்டவணைக் கணக்கப் படிச்சு அலசுற ரெடிமேட் கோடு) வச்சு படிச்சு எந்த டிசைன் எந்த மாசம் எவ்வளவு போகுதுன்னு எடுத்துக் குடுக்கணும்னு ஆசை. ஆனா முதல் வரி, 'இம்போர்ட் பாண்டாஸ்', அதுலயே நின்னுருது. "மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர், நோ மாட்யூல் நேம்டு பாண்டாஸ்"னு வருது. சரின்னு பிப் (பைத்தானுக்கு லைப்ரரி இறக்கிக் குடுக்குற கருவி) இன்ஸ்டால் போட்டா "ரிக்வயர்மெண்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு"ங்குது. பைத்தானையே திரும்ப திரும்ப இன்ஸ்டால் பண்ணிப் பாத்தாச்சு, "எனக்கு கோடிங் வராதோண்ணே"ன்னு முடிச்சிருக்கு.

அந்தக் கடைசி வரிய மொதல்ல அழிச்சிரு த்தா. இதுக்கும் உனக்கு கோடிங் வர்றதுக்கும் சம்பந்தமே இல்ல, நீ எழுதுன கோடு சரி, மிஷின்ல இருக்குற ஏற்பாடுதான் குழம்பிக் கெடக்கு. புதுசா வர்ற பிள்ளைக நெறையப் பேரு இந்த எடத்துலதான் மனசு விட்டுப் போறாங்க, அதுனாலதான் இத கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

பிப் சொன்னதும் உண்மை, பைத்தான் சொன்னதும் உண்மை. ரெண்டும் ஒரே பைத்தானப் பத்தி பேசல, அவ்வளவுதான் விஷயம். உன் லேப்டாப்புல ஒண்ணுக்கு மேல பைத்தான் இருக்கு. காலேஜ்ல சொன்னாங்கன்னு ஒண்ணு போட்டிருப்ப, மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல இருந்து ஒண்ணு வந்திருக்கும், யாராவது அனகோண்டாங்கற பைத்தான் தொகுப்பப் போடச் சொல்லியிருப்பாங்க, நீ திரும்ப இன்ஸ்டால் பண்ணப்ப பழைய வெர்ஷன் 3.12, புது வெர்ஷன் 3.13னு அது வேற தனியா உக்காந்திருக்கும். ஒவ்வொரு பைத்தானுக்கும் 'சைட் பேக்கேஜஸ்'னு சொந்தமா ஒரு ஃபோல்டர், ஒருத்தரோடத இன்னொருத்தர் எட்டிப் பாக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல ஒரே பேருல நாலு செட்டியார் வீடு இருந்தா விலாசம் கேட்டுத்தான பார்சல் குடுப்பாங்க, விலாசம் கேக்காமக் குடுத்தா பார்சல் ஒரு வீட்டுல, காத்துக்கிட்டு இருக்கவுக இன்னொரு வீட்டுல. பாண்டாஸ் இப்ப அப்படித்தான் வேற வீட்டுல கெடக்கு.

அதுனால இன்னொரு தடவை இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி விலாசத்தப் பாரு. எந்த ஃபைல் ஓட மாட்டேங்குதோ அதே ஃபைல்ல, பாண்டாஸ் வரிக்கு மேல, 'இம்போர்ட் சிஸ்'னு ஒரு வரி, அடுத்த வரில 'சிஸ் டாட் எக்ஸிகியூட்டபிள்'ங்கறத பிரிண்ட் பண்ணு. நீ எப்பவும் எந்த பட்டன அமுக்கி ஓட்டுவியோ அதே பட்டன்லயே ஓட்டணும், இது முக்கியம். இப்ப ஓடிக்கிட்டு இருக்குற பைத்தான் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு முழுப் பாதையா வரும். அப்புறம் அந்த "ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு" வரிய அவசரப்படாம கடைசி வரைக்கும் படி, அதுலயே பாண்டாஸ் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு போட்டிருக்கும், யாரும் அதப் படிக்கிறதே இல்ல. ரெண்டு பாதையையும் பக்கத்துல வச்சுப் பாரு, ஒண்ணுல 312ன்னும் இன்னொண்ணுல 313ன்னும் இருந்தா திருடன் சிக்கிட்டான். விண்டோஸ்ல என்னென்ன பைத்தான் இருக்குன்னு பாக்கணும்னா டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) 'பிஒய்'னு அடிச்சு, ஸ்பேஸ் விட்டு, ஹைஃபன் ஜீரோ பி போட்டா விண்டோஸ்ல பதிவாகியிருக்குற பைத்தான எல்லாம் பாதையோட வரிசையா காட்டும்.

இனிமே சும்மா 'பிப் இன்ஸ்டால்'னு அடிக்கிற பழக்கத்த விட்டுரு. 'பைத்தான் ஹைஃபன் எம் பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்'னு அடி. இப்படி அடிச்சா எந்த பைத்தான நீ கூப்புடுறியோ அதோட பிப்தான் ஓடும், வேற வீட்டுக்குப் போக வழியே இல்ல. 'பைத்தான்'னு அடிச்சாலே தப்பான ஆளு வருதுன்னா, முன்னாடி பிரிண்ட் ஆன முழுப் பாதையையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டு, அதுக்கப்புறம் ஹைஃபன் எம்ல இருந்து மீதிய அடிச்சாலும் வேலை நடக்கும் (பவர்ஷெல்லா இருந்தா முன்னாடி ஒரு ஆம்பர்சாண்ட் குறியும் வேணும்). விஎஸ் கோடுல ஓட்டுறன்னா கண்ட்ரோல் ஷிஃப்ட் பி அமுக்கி 'பைத்தான் செலக்ட் இண்டர்ப்ரெட்டர்'னு தேடு, பாண்டாஸ் இருக்குற பைத்தானத் தேர்ந்தெடு. ஜுப்பிட்டர் நோட்புக்குன்னா செல்லுக்குள்ளயே சதவீதக் குறி போட்டு 'பிப் இன்ஸ்டால்'னு ஓட்டுனா அந்த நோட்புக்கோட பைத்தானுக்கே போய்ச் சேரும்.

நிரந்தரமா நிம்மதி வேணும்னா ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மெண்ட் போட்டுக்க. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள நின்னு 'பைத்தான் ஹைஃபன் எம் வென்வ் டாட் வென்வ்' அடிச்சா அந்த ஃபோல்டருக்குன்னே தனி பைத்தான் வந்துரும், அத ஆக்டிவேட் பண்ணிட்டு (இந்த டெர்மினல்ல இனி அந்த பைத்தான்தான் ஓடணும்னு சொல்றது) உள்ள இன்ஸ்டால் பண்ணு. வரியோட ஆரம்பத்துல அடைப்புக்குறிக்குள்ள அந்த என்விரான்மெண்ட் பேரு தெரியுதான்னு பாத்துக்க, புது டெர்மினல் திறந்துட்டு ஆக்டிவேட் பண்ண மறந்தா பழைய எரர் அப்படியே திரும்பி வரும், பயந்துராத. ப்ராஜெக்ட் ஃபோல்டரோட பேர மாத்துனாலோ வேற எடத்துக்கு தூக்கிப் போட்டாலோ அது உடைஞ்சு போகலாம், அந்த டாட் வென்வ் ஃபோல்டர மட்டும் அழிச்சிட்டு புதுசாப் போட்டா போச்சு.

சில பேருக்கு ஒரே பைத்தான்தான் இருக்கும், அப்பயும் இந்த எரர் வரும். அங்க பேருலதான் சிக்கல். இன்ஸ்டால் பண்ற பேரும் இம்போர்ட் பண்ற பேரும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. 'பில்லோ'ன்னு இன்ஸ்டால் பண்ணி 'பிஐஎல்'னு இம்போர்ட் பண்ணணும், 'ஓப்பன்சிவி ஹைஃபன் பைத்தான்' போட்டு 'சிவி2'ன்னு கூப்புடணும், 'சைகிட் லேர்ன்' உள்ள வந்தா 'எஸ்கேலேர்ன்', 'பியூட்டிஃபுல்சூப்4'க்கு 'பிஎஸ்4'. அதுக்காக எரர்ல வந்த பேர அப்படியே காப்பி பண்ணி கண்ண மூடிக்கிட்டு இன்ஸ்டால் பண்ணாத த்தா. பிரபலமான பேருல ஒரு எழுத்து மாத்தி வச்சு திருட்டு பேக்கேஜ் ஏத்துறவங்க நெசமாவே இருக்காங்க, அந்த லைப்ரரியோட சொந்த டாக்குமெண்டேஷன்ல என்ன பேரு போட்டிருக்குன்னு பாத்துட்டு போடு. பெரிய எழுத்து சின்ன எழுத்தும் பாக்கணும், விண்டோஸ்ல ஃபைல் பேருக்கு அந்த வித்தியாசம் இல்லாட்டியும் பைத்தான் இம்போர்ட்டுக்கு உண்டு.

உன் ஃபைலுக்கு என்ன பேரு வச்சிருக்கன்னு நீ எழுதல, அதையும் பாத்துரு. பாண்டாஸ் பழகுறோம்னு ஃபைலுக்கே 'பாண்டாஸ் டாட் பிஒய்'னு வச்சுட்டா, பைத்தான் மொதல்ல உன் ஃபைல் இருக்குற ஃபோல்டர்லதான் தேடும், உன் ஃபைலையே பாண்டாஸ்னு நெனச்சு எடுத்துக்கும். அப்ப "இல்ல"ன்னு வராது, "பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்"னு புரியாத எரரா வரும். 'சிஎஸ்வி', 'ரேண்டம்' மாதிரி பைத்தான் கூடவே வர்ற பேரு வச்சாலும் இதே கதைதான், ஏன்னா பாண்டாஸ் உள்ளுக்குள்ள சிஎஸ்விய கூப்புடும், அந்த எடத்துல உன் ஃபைல் போய் நிக்கும். 2024ல வந்த பைத்தான் 3.13ல இருந்து இந்தப் பேரு மோதுது, மாத்துன்னு எரர்லயே குறிப்பு குடுக்குறாங்க, நல்ல காரியம். 'கல்_கணக்கு' மாதிரி உன் வேலையோட பேர வச்சா மோதாது.

"கேனாட் இம்போர்ட் நேம்"னு வந்தா அது வேற வியாதி. மாட்யூல் கெடச்சிருச்சு, அதுக்குள்ள நீ கேட்ட சாமான் இல்லன்னு அர்த்தம். ஸ்பெல்லிங்கையும் வெர்ஷனையும் பாரு, இல்லாட்டி உன்னோட ரெண்டு ஃபைலும் ஒண்ண ஒண்ணு இம்போர்ட் பண்ணுதான்னு பாரு. பழைய வீடியோவப் பாத்து 'டிஸ்ட்யூட்டில்ஸ்'னு பைத்தான் கூடவே வந்துக்கிட்டு இருந்த மாட்யூல இம்போர்ட் பண்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன், 2023ல வந்த 3.12ல அத எடுத்துட்டாங்க, உங்க மேல தப்பில்ல.

இதெல்லாம் பண்ணி பாண்டாஸ் உள்ள வந்துட்டா, அப்பாவோட எக்ஸெல் ஃபைல 'ரீட் எக்ஸெல்'னு திறக்கும்போது 'ஓப்பன்பைஎக்ஸ்எல்' இல்லன்னு இன்னொரு இம்போர்ட் எரர் வரலாம், அதுக்குள்ள மறுபடி எல்லாம் கெட்டுப் போச்சுன்னு பைத்தான அழிக்கப் போயிராத. எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலப் படிக்க பாண்டாஸுக்கு அது தனியா வேணும், கூடவே வராது. அதே 'பைத்தான் ஹைஃபன் எம் பிப்' வச்சு அதையும் போட்டுட்டு ஓட்டு. அப்பயும் ஓடலன்னா, எரரோட கடைசி வரி, அந்த சிஸ் எக்ஸிகியூட்டபிள் காட்டுன பாதை, உன் ஃபைல் பேரு, இந்த மூணையும் அனுப்பி வை, பாத்து சொல்றேன்.