முடக்கத்திலும் வட்டி நடக்கும்: வீட்டுக்கடன் கேள்வி பதில்

2021 ஆகஸ்ட் 20 இல் இலங்கையில் தொடங்கிய கொரோனாத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு நீண்டுகொண்டு போன நாட்கள் அவை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து அப்போது வந்த கேள்விகள் இவை. கணக்குக் காட்டும் இடமெல்லாம் ஒரே உதாரணம்தான்: 15 இலட்சம் ரூபா கடன், ஆண்டு வட்டி 12 வீதம், காலம் 10 வருடம். மாதத் தவணை 21,521 ரூபா. 3 வருடம் ஒழுங்காகக் கட்டிய பின் 12 இலட்சத்து 19 ஆயிரம் மீதி நிற்கும், 84 தவணை மிச்சமிருக்கும். உங்கள் வட்டி வீதம் வேறாக இருக்கலாம், கணக்கின் போக்கு இதுதான்.

பரந்தன்: அவர் மேசன் வேலை, இப்ப வேலையே இல்லை. நான் முன்பள்ளி ரீச்சர். 6 மாதம் தவணை கட்டத் தேவையில்லை, எழுதித் தாங்கோ எண்டு பாங்கில சொல்லுகினம். எடுக்கலாமோ அண்ணை?

எடுக்கலாம் தங்கச்சி, ஆனால் அது தள்ளுபடி இல்லை. 2020 மார்ச்சில் மத்திய வங்கி அறிவித்த முதல் சலுகையிலிருந்தே பலர் இதில்தான் பிழையாக விளங்கிக்கொண்டார்கள். தவணைதான் நிற்கும், வட்டி நிற்காது. நம் உதாரணத்தில் மாத வட்டி மட்டும் 12,191 ரூபா. 6 மாதமும் ஒரு சதமும் கட்டாமல் விட்டு, அந்த வட்டியையும் முதலோடு, அதாவது மீதி நிற்கும் கடன் தொகையோடு, சேர்த்தால் ஏறத்தாழ 75,000 ரூபா கூடும். அதற்குப் பிறகு பழைய தவணையையே கட்டினால் 84 தவணையில் முடிய வேண்டியது 92ஐத் தாண்டும். கடைசியில் கூடுதலாகப் போவது ஏறத்தாழ 1 இலட்சத்து 81 ஆயிரம். கடனை முன்பிருந்த அதே திகதியில் முடிக்க வேண்டுமென்றால் தவணை 23,970 அளவுக்கு ஏறும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: அந்த 6 மாதமும் வட்டியை மட்டும் கட்டுவது. 21,521 கட்ட முடியாத வீட்டுக்கு 12,191 முடியக்கூடும். முதல் அப்படியே நிற்கும், 84 தவணை என்ற எண்ணிக்கையும் அதிகரிக்காது. கடன் முடியும் நாள் மட்டும் 6 மாதம் பின்னுக்குப் போகும். நான் முதலில் இதைத்தான் கேட்கச் சொல்வேன். பாங்கில் இதை அவர்களாகச் சொல்வது குறைவு.

கையெழுத்து வைக்க முன் நாலு விசயத்தை எழுத்தில் வாங்குங்கள். சேரும் வட்டி முதலோடு சேருமா, அல்லது தனிக்கடனாக நிற்குமா? தனிக்கடன் என்றால் அதற்கு என்ன வீதம்? கடன் எந்தத் திகதியில் முடியும்? சலுகைக் காலத்துக்குத் தண்ட வட்டி உண்டா? வாயால் சொன்னது மனேச்சர் மாறினால் போச்சு.

தர்மபுரம்: கடிதம் எப்படி எழுதுறது? ஊரடங்கில பாங்குக்கும் போக ஏலாது.

ஒரு பக்கம் போதும். கடன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கிளையின் பெயர், வருமானம் எந்த மாதத்திலிருந்து நின்றது, இப்போது வீட்டுக்கு வருவது எவ்வளவு, உங்களால் மாதம் எவ்வளவு கட்ட ஏலும், எத்தனை மாதத்துக்குச் சலுகை வேண்டும். "கருணை கூர்ந்து உதவவும்" என்று மட்டும் எழுதினால் அது மேசையில் கிடக்கும். "செப்டெம்பரிலிருந்து 6 மாதத்துக்கு மாதம் 12,200 ரூபா கட்டுவேன்" என்று எழுதினால் அதிகாரிக்கு ஒரு முடிவெடுக்க இலகு. நாட்கூலி என்றால் கிராம சேவையாளரின் வருமானக் கடிதத்தை இணையுங்கள். படம் பிடித்துக் கிளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த நாள் போன் எடுத்துக் கிடைத்ததா என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். தவணைத் திகதிக்கு முதலே இதைச் செய்ய வேண்டும். இரண்டு தவணை பிந்தியபின் போடும் கடிதத்துக்கு மரியாதை குறைவு.

பிணை நின்றவர்களுக்கும் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பிணையாளி அனேகமாக ஒரு ஆசிரியரோ எழுதுவினைஞரோதான். நீங்கள் கட்டாவிட்டால் பாங்கின் கடிதம் அவர்கள் வீட்டுக்கும் போகும், நாளைக்கு அவர்கள் கடன் கேட்டுப் போனால் கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையிலும் உங்கள் கடன் நிற்கும்.

புதுக்குடியிருப்பு: கிழமைக் கடன் தாற கொம்பனி ஒண்டு வீட்டுக்கே வந்து 50,000 தரலாம் எண்டுது. அதை எடுத்து ரெண்டு தவணையைக் கட்டி விடட்டோ?

வேண்டாம். 12 வீதக் கடனைக் கட்ட 30, 35 வீதக் கடன் எடுப்பது இது. வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களுக்கு (இப்படிப்பட்ட சிறு கடன்களுக்கு) அரசாங்கம் 2018இல் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்ததே இந்தச் சுழலால்தான். வீட்டுக்கடன் பாங்கோடு கதைத்துத் தள்ளிப்போடலாம். கிழமைக் கடனுக்குக் கிழமைக்கு ஒருவர் படலையில் வந்து நிற்பார்.

முள்ளியவளை: அப்ப நகையை அடகு வைக்கலாமோ ஐயா?

அதுவும் வட்டிதான், ஆனால் நுண்கடனை விட எவ்வளவோ மேல். இரண்டு நிபந்தனை. பாங்கின் அடகு வட்டி உங்கள் பிந்திய தவணைக்கான தண்ட வட்டியை விடக் குறைவாக இருக்க வேண்டும். மீட்கிற காசு எங்கிருந்து, எந்த மாதம் வரும் என்று இப்போதே சொல்லத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வைக்காதீர்கள். எடுக்கக்கூடிய முழுத் தொகையையும் எடுக்காமல் தேவையானதை மட்டும் எடுங்கள். அடகுச் சீட்டில் முடிவுத் திகதி இருக்கும், அதைத் தவற விட்டால் நகை ஏலத்துக்குப் போகும். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கலாமா என்று வைக்கும்போதே கேளுங்கள்.

முரசுமோட்டை: எனக்கு மாதச் சம்பளம் இல்லை, நெல்லுத்தான். காலபோகம் வெட்டினால் ஒரேயடியாகக் காசு வரும். அதைக் கொண்டுபோய்க் கடனில போடட்டோ?

நல்ல கேள்வி, ஏனென்றால் இங்கே பாதிப்பேர் இடறும் இடம் இது. 50,000 ரூபாவை மேலதிகமாகக் கட்டி, அதைக் கடனின் முதலிலிருந்து கழித்தால் 84 தவணையில் 5 தவணை போல குறையும். கட்டிய 50,000ஐக் கழித்துப் பார்த்தாலும் 60,000 ரூபாவுக்கு மேல் மிச்சம். ஆனால் அடுத்த மாதத் தவணை மாறாமல் வரும்! "முன்கூட்டியே கட்டினேனே, ஏன் கடிதம் வருகுது?" என்று கேட்பார்கள். கடனின் முதலிலிருந்து கழிப்பது வேறு, வரப்போகும் தவணைகளுக்கு முற்பணமாக வைப்பது வேறு. எது வேண்டுமென்று பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்றும் பாருங்கள்.

அந்த முறை நான் சொன்னது: 2021 மே மாதத்திலிருந்து இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. வரப்போகும் போகத்தில் பழைய விளைச்சலைக் கணக்கில் வைக்க வேண்டாம். கையிலிருக்கும் காசில் முதலில் விதைப்புச் செலவு, பிறகு 4 தவணைக்கான 86,000 ரூபா தனிச் சேமிப்புக் கணக்கில், அதற்கு மேல் மிஞ்சினால்தான் முதலைக் குறைப்பது. கடனில் போட்ட காசைத் திருப்பி எடுக்க முடியாது. அவசரத்துக்கு அதுவே பிறகு உங்களை கிழமைக் கடன்காரரிடம் அனுப்பும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் தவணை உங்கள் பாங்கில் உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஓமந்தை: காசுக் கதை எடுத்தாலே வீட்டில சண்டை. ரெண்டு பிள்ளையளுக்கும் ஒரே போனில வகுப்பு, டேட்டாக் காசு வேற. எங்க குறைக்கிறது?

காசுக் கதைக்குக் கிழமையில் ஒரு நாள், பிள்ளைகள் படுத்தபின் அரை மணித்தியாலம். மற்ற நாளில் எடுக்க வேண்டாம். கொப்பியை இருவருக்கும் நடுவில் வைத்து ஒழுங்காக எழுதுங்கள்: அரிசியும் மருந்தும், மின்சாரம், கடன் வட்டி, டேட்டா, மிச்சம். கடைசி வரியிலிருந்து மேலே வெட்டிக்கொண்டு வாருங்கள். கடைக் கொப்பிக் கடனையும் அதில் எழுத வேண்டும், அதை எழுதாமல் விடுகிற வீடுகளில்தான் கணக்கு ஒருநாளும் ஒத்து வராது.

டேட்டாவைத் தின்பது காணொளி. ரீச்சரிடம் பாடக் குறிப்பைப் படமாகவும் குரல் பதிவாகவும் வட்ஸ்அப்பில் போடச் சொல்லிக் கேளுங்கள், பல ஆசிரியர்கள் சம்மதிப்பார்கள். அந்த நாட்களில் நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்ப் பாடங்கள் போயின, அதற்கு டேட்டா வேண்டியிருக்கவில்லை. பரீட்சை எடுக்கும் பிள்ளைக்குப் போனில் முதலிடம். வேலையில்லாமல் இருக்கிறவரிடம் வீட்டுத் தோட்டத்தை முழுதாகக் கொடுங்கள். கத்தரி, பயிற்றை, கீரை, பத்துக் கோழி என்றால் மரக்கறி, முட்டைச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறையும். அவர் வெறுமனே குந்தியிருந்து நீங்கள் மட்டும் கணக்குப் பார்த்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

மாங்குளம்: எங்கட காணி பெர்மிற். தெரிஞ்ச ஒருத்தர் அதை ஈடாக வாங்கிக்கொண்டு 3 இலட்சம் தாறன் எண்டுறார்.

கொடுக்காதீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஈடு வைத்தால் சட்டத்தில் செல்லாது. காணியே பறிபோகும் ஆபத்தும் உண்டு.

செட்டிகுளம்: தம்பி கனடாவிலிருந்து காசு அனுப்புறான். நேரே கடன் கணக்குக்கு அனுப்பச் சொல்லவோ?

சேமிப்புக் கணக்குக்கு அனுப்பி, அங்கிருந்து தானாக வெட்டும்படி நிலையான கட்டளை கொடுங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: தவணை 21,521 என்றால் கணக்கில் 21,500 இருந்தால் வெட்டாது, முழுத் தவணையும் பிந்தியதாகப் பதியும். எஸ்.எம்.எஸ். கட்டணம், அட்டைக் கட்டணம் என்று சில்லறை கழிவதால்தான் இப்படி நடக்கிறது. எப்போதும் 1,000 ரூபா கூடுதலாக விட்டு வையுங்கள். தம்பியால் மாதம் 2,000 ரூபா கூட்டி அனுப்ப முடிந்து, அது கடனின் முதலிலிருந்து கழிந்தால் 84 தவணை 74க்குள் முடியும்.

பரந்தன் (முன்பு கேட்டவர்): சலுகை எடுத்தால் காப்புறுதி என்ன ஆகும்?

கடனோடு சேர்த்து எடுத்த ஆயுள் காப்புறுதி பழைய முடிவுத் திகதி வரைதான் நிற்கும். கடன் 6 மாதம் நீண்டால் கடைசி 6 மாதம் காப்புறுதி இல்லாமல் போகலாம். கூடிய முதலுக்கும் அது ஈடுகட்டாது. கடிதத்தில் கேட்கச் சொன்ன நாலு விசயத்தோடு இதை அஞ்சாவதாகச் சேருங்கள்.