நாலு கலர் சீட்டு இளக்காரமா?

கேள்வி: நகராட்சியில் பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊராட்சிக்கு மட்டும் இன்னும் நாலு கலர் சீட்டு, ரப்பர் முத்திரை, பெட்டி. கிராமத்தான் என்றால் இளக்காரமா? எங்களுக்கும் எந்திரம் வைத்தால் என்ன?
– வாசகர், மணப்பாறை அருகே ஒரு கிராமம்

பதில்: இந்த விஷயத்தில் குறைபட்டுக்கொள்ள வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் பக்கத்து நகராட்சிக்காரர்.

2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எந்திரம் வைத்தார்கள், சரி. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி ஒரு துண்டுத்தாள் தெரியுமே, அந்த விவிபாட் அப்போது வைக்கப்படவில்லை. மூன்று ஓட்டில் தோற்ற கவுன்சிலர் வேட்பாளர் 'மறுபடி எண்ணுங்கள்' என்று கேட்டால் என்ன நடக்கும்? அதே எந்திரத்தில் அதே பொத்தானை அழுத்தி அதே எண்ணைக் காட்டுவார்கள். உங்கள் ஊரில் கட்டைப் பிரித்து, சீட்டை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி எண்ண முடியும். சில நூறு ஓட்டு மட்டுமே உள்ள வார்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு ஓட்டில் ஜெயிப்பதும், சமமாக வந்து குலுக்கல் போடுவதும் ஊராட்சி வார்டில் நடக்கிறது. அங்கே கையில் எடுத்துப் பார்க்கத் தாள் இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம், உங்களுக்கு எந்திரம் வராததற்குக் காரணம் இளக்காரம் இல்லை, கணக்கு. நகராட்சி வாக்காளர் போடுவது ஒரே ஓட்டு, அதுவும் வார்டு உறுப்பினருக்கு. தலைவரையும் மேயரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். நீங்கள் போடுவது நாலு ஓட்டு. 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலை நினைத்துப் பாருங்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு மஞ்சள். ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் வந்தால் இரண்டாவது வார்டுக்கு இளநீலம். நாம் சாதாரணமாகப் பார்க்கும் எந்திரம் ஒரு பதவிக்குத்தான். நாலு பதவிக்கு, கட்டுப்பாட்டுக் கருவியும் வாக்களிப்புக் கருவியுமாக நாலு ஜோடி வைக்க வேண்டும். ஊராட்சி வார்டுகள் மட்டுமே தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒரு லட்சம்.

'கேரளத்தில் முடிகிறதே' என்பீர்கள். முடிகிறது. அங்கே கிராமம், பிளாக், மாவட்டம் என்று மூன்று ஓட்டு. ஒரே கட்டுப்பாட்டுக் கருவியில் மூன்று வாக்களிப்புக் கருவிகளை இணைக்கும் பல பதவி எந்திரம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒட்டும் தாளும் நம் சீட்டு மாதிரியே கலர் கலராக இருக்கும். மூன்றையும் அழுத்தினால்தான் பீப் சத்தம் வரும். யாராவது ஒரு பதவிக்கு ஓட்டுப் போட விரும்பாவிட்டால் 'எண்ட்' பொத்தானை அழுத்திவிட்டு வர வேண்டும். மறந்துவிட்டால் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதுதான். 2015 தேர்தலில் மலப்புறம், திருச்சூர் மாவட்டங்களில் எந்திரங்கள் மக்கர் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தினார்கள். பிறகு பழகிவிட்டார்கள். ஆனாலும் எண்ணிப் பார்க்க அங்கேயும் தாள் கிடையாது. எனக்கு அந்த ஏற்பாடு போதாது.

இதனால் சீட்டு முறையில் குறையே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஜனவரி 2-ல் தொடங்கிய எண்ணிக்கை அன்றைக்கு முடியவில்லை, மறுநாளும் இழுத்தது. காரணம் எளிது: நாலு கலர் சீட்டையும் ஒரே பெட்டிக்குள் போடச் சொல்கிறோம், பிறகு மேஜையில் கொட்டிக் கலர் கலராகப் பிரிக்கிறோம். பிரித்து முடிக்கவே பாதி நாள். கலருக்கு ஒரு பெட்டி வைத்தால் பெட்டிச் செலவு கூடும், ஏஜெண்டுகள் தூக்கமாவது மிஞ்சும். இதைவிடப் பெரிய குறை செல்லாத ஓட்டு. இரண்டு சின்னத்தில் குத்துவது, கோட்டின் மேல் குத்துவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் தள்ளுபடி. எந்திரத்தில் இந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அது ஜெயிக்கிறது. மடிக்கும்போது மை எதிர்ப்பக்கம் ஒட்டுவதற்கு மட்டும் அந்த முத்திரையிலேயே வழி இருக்கிறது. அதில் உள்ள அம்புகள் ஒரே திசையில் சுழல்வதால், ஒட்டிய தடம் கண்ணாடி பிம்பம் போலத் தலைகீழாகத் தெரியும், எது அசல் என்று கண்டுபிடித்துவிடலாம். வாக்குச்சீட்டு முறையில் யோசித்துச் செய்த வேலை அது. நோட்டாவும் உங்கள் சீட்டில் கிடையாது. யாரும் பிடிக்காவிட்டால் வெற்றுச் சீட்டை மடித்துப் போட வேண்டியதுதான், அதையும் செல்லாத கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

கர்நாடக அமைச்சரவை 2025 செப்டம்பரில், இனி உள்ளாட்சித் தேர்தல்களுக்கு வாக்குச்சீட்டையே பயன்படுத்தலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குப் பரிந்துரைத்தது. எந்திரத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதாகக் காரணம் சொன்னார்கள். அதில் அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் டெல்லியில் உள்ள தேர்தல் ஆணையத்துக்கு இதில் வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளாட்சித் தேர்தல் அரசியலமைப்பின் 243கே, 243இசட்ஏ பிரிவுகளின்படி மாநிலத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. சீட்டா எந்திரமா என்பதை மாநிலச் சட்டமும் விதியும் சொல்ல வேண்டும். சட்டம் இடம் கொடுக்காமல் எந்திரம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கேரளத்தில் 1982-ல் நடந்த பறவூர் தொகுதிச் சட்டமன்றத் தேர்தலே சாட்சி. 50 சாவடிகளில் எந்திரம் வைத்தார்கள். 1984-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி, அந்தச் சாவடிகளில் மறுபடி ஓட்டுப் போட வைத்தது.

ஆக, எந்திரத்துக்காக நீங்கள் ஏங்க வேண்டாம். நகராட்சிக்காரர் விவிபாட் கேட்டுப் போராடினால் பின்னால் போய் நில்லுங்கள். உங்கள் கோபத்துக்கு வேறு ஓர் இடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சி உட்பட அந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் தேர்தலை நடத்தாமல் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள். ஐந்து வருடம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதற்கு முந்தைய தடவையும் இதே கதைதான். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில் தேர்தல். அந்த மூன்று வருடத் தாமதத்துக்கு இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை, வழக்கு என்று எத்தனையோ காரணம் சொன்னார்கள். சீட்டு அச்சடிக்க நேரமில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.