மயங்கி விழுந்த பெண்ணுக்கு சிபிஆர் கொடுத்தால் வழக்கு வருமா?

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன். கடையில் எங்களுக்கு சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் முதலுதவி) பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் சுருண்டு விழுந்தார், மூச்சே இல்லை. நான் உட்காரப் போனபோது, "பொம்பள நெஞ்சுல கை வைக்காதே, கேஸாயிடும்" என்று ஒருவர் தடுத்தார். தயங்கி நின்றுவிட்டேன். அங்கே வந்த ஒரு நர்ஸ்தான் பிறகு ஆரம்பித்தார். நான் கொடுத்திருந்தால் என் மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: தாராளமாகக் கொடுத்திருக்கலாம், தம்பி. குற்றம் நிற்காது.

தடுத்தவர் பயந்தது இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 74-வது பிரிவுக்கு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354. மானபங்கம் செய்யும் நோக்கமோ, அப்படி ஆகும் என்ற அறிவோ இருந்தால்தான் அது பொருந்தும். உயிரைக் காக்க நெஞ்செலும்பை அழுத்துபவரிடம் இரண்டுமே கிடையாது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு இன்னும் பலமானது. சம்மதம் சொல்லும் நிலையில் ஒருவர் இல்லை, அவருக்காகச் சொல்லும் பொறுப்புள்ளவரும் உடனே கிடைக்கவில்லை என்றால், அவர் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமாகாது. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவரைப் புலி தூக்கிப் போகிறது. காப்பாற்ற நினைத்து இன்னொருவர் புலியைச் சுடுகிறார். குண்டு அந்த மனிதர் மேலேயே பாய்ந்து அவர் இறந்தாலும் சுட்டவர் குற்றவாளி அல்ல. சிபிஆர் கொடுக்கும்போது விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கும் இதுதான் பதில்.

உதவி செய்பவரைப் பாதுகாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவை சிலர் சொல்வார்கள். அது வாகன விபத்துக்கு மட்டும்.

சரி, புகாரே வராதா என்றால், புகார் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிவானாலும் ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 108-க்குப் போன அழைப்பு, சுற்றி நின்றவர்கள், சிசிடிவி எல்லாம் உங்களுக்குச் சாட்சி.

பொது இடத்தில் விழும் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சிபிஆர் கிடைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இல்லாத வழக்குக்குப் பயந்து ஓர் உயிர் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், "மூச்சு இல்லை, சிபிஆர் கொடுக்கிறேன், 108 கூப்பிடுங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வீட்டார் பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்கள் யாராவது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். புடவையோ சுடிதாரோ, விலக்கத் தேவையில்லை. துணிக்கு மேலேயே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள்.

இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி கிடைத்தால் மட்டும் அதன் பட்டைகளை வெறும் தோலில் ஒட்ட ரவிக்கையைத் திறக்க வேண்டிவரும். அதற்கும் 30-வது பிரிவு துணை நிற்கும். சுற்றியிருப்பவர்களைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் அவரை செல்போனில் படம் எடுப்பவர் மேல்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு பாயும். 3 ஆண்டு வரை சிறை.