எத்தனை எலி, ஏன் அத்தனை? விலங்கு நெறிமுறைக் குழு பற்றிக் கேள்வி பதில்

நான் கால்நடை மருத்துவர். மதுரையைச் சுற்றியுள்ள சில கல்லூரிகளின் விலங்கு நெறிமுறைக் குழுக்களில் 14 வருடமாக உட்கார்ந்து வருகிறேன். உயிருள்ள விலங்கை வைத்து ஆய்வு செய்யும் எந்த நிறுவனமும் விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். அதன் பழைய பெயர் சிபிசிஎஸ்இஏ, இப்போது சிசிஎஸ்இஏ. தவிர, நிறுவனத்துக்கென்று ஒரு குழுவும் இருக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் 1998-ஆம் ஆண்டு விதிகளும் சொல்வது இது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சர்க்கரை நோய்க்கு ஒரு மூலிகைச் சாறு. 6 குரூப், குரூப்புக்கு 6 எலி, மொத்தம் 36 என்று ஃபார்ம் பி (அனுமதி விண்ணப்பம்) கொடுத்தேன். கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. எல்லா தீசிஸிலும் 6 தானே மேடம்? (எம்.ஃபார்ம் மாணவி, நாகமலை புதுக்கோட்டை)

அந்த "எல்லா தீசிஸிலும்" என்பதைத்தான் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை, ம்மா. ஏன் 6 என்று நான் கேட்கும்போதெல்லாம் சீனியரின் தீசிஸைத்தான் காட்டுகிறார்கள். அந்த சீனியரும் தன் சீனியரைப் பார்த்து எழுதியிருப்பார்.

சுலபமான ஒரு கணக்கு இருக்கிறது. மொத்த எலிகளிலிருந்து குரூப்புகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். விடை 10-க்கும் 20-க்கும் நடுவே இருந்தால் பொதுவாகப் போதும். உங்களுடையது 36 − 6 = 30. குரூப்புக்கு 4 என்று வைத்தால் 24 − 6 = 18. முன்பு யாராவது இதே மாதிரி அளந்த எண்கள் கையில் இருந்தால் எத்தனை எலி இருந்தால் வித்தியாசம் தெரியும் என்று பார்க்கும் பவர் கணக்குப் போடுவது இன்னும் நல்லது. சர்க்கரை நோயை வரவழைக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டபின் சில எலிகள் இறக்கும், சிலவற்றுக்குச் சர்க்கரை ஏறவே ஏறாது. அதற்காகக் கூடுதலாக எத்தனை வேண்டும் என்பதை மறைக்காமல் தனியாக எழுதுங்கள். கேட்டால் கொடுப்போம். அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிடவும் கூடாது. 12 எலியை வைத்து ஒன்றுமே தெரியாமல் போனால் அந்த 12-ம் வீண்.

அப்புறம், 6 குரூப் எதற்கு? இரண்டு டோஸ், மூன்று டோஸ் எல்லாம் இந்தக் கட்டத்திலேயே வேண்டுமா? சிறுகுறிஞ்சானையும் நாவல் கொட்டையையும் எலிக்குக் கொடுத்துப் பார்த்தவர்கள் ஏராளம். உங்கள் செடியில் புதிதாக என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் ஃபார்மில் முதலில் தேடுவது வேறொன்று. சர்க்கரை ஏறிய எலி தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும். காலையில் கூண்டில் மாற்றி விரித்த உமி மாலைக்குள் சொதசொதவென்று ஆகிவிடும். அதிலேயே கிடந்தால் பாதம் புண்ணாகும். உமியைத் தினமும் மாற்றுவோம், ஊசி போட்ட முதல் ராத்திரி சர்க்கரை இறங்கிச் சாகாமல் இருக்கக் குளுக்கோஸ் தண்ணீர் வைப்போம், உடல் எடை 20 சதவீதம் குறைந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தால், இந்த மாணவி எலியை உண்மையிலேயே பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் குடும்பச் சூரணத்துக்கு நச்சுத்தன்மை பார்க்க 50, 60 எலிகள் கொல்லப்படும் என்கிறார்கள். மனம் வரவில்லை. (சித்த மருத்துவர், திருமங்கலம்)

அது பழைய முறை ஐயா. பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் எல்.டி.50 சோதனை 1927-இல் வந்தது. அந்த முறையை வைத்திருந்த ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 401 வழிகாட்டுதலை 2002-இல் நீக்கிவிட்டார்கள். இப்போது 423 என்ற வழிகாட்டுதலில் ஒரு படிக்கு 3 விலங்குகள்தான், பெரும்பாலும் பெண் எலிகள். 3-க்கும் ஒன்றும் ஆகவில்லையென்றால் அடுத்த படி. உங்கள் சூரணம் தலைமுறையாகப் புழக்கத்தில் இருப்பதால் எந்த அளவில் தொடங்கலாம் என்பதை உங்கள் அனுபவமே சொல்லும். அதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தவளை அறுத்துக் காட்டினால்தானே மனதில் நிற்கும்? கண்மாயில் பிடித்துக்கொள்ளலாமா? (ஆசிரியர், மேலூர்)

வேண்டாம் சார். புத்தகம், மாதிரி, படம் போன்றவற்றால் அதே பாடத்தை நடத்த முடியும் என்றால் விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்று 1960 சட்டத்தின் 17-ஆவது பிரிவே சொல்கிறது. கை பழகுவதற்காக மட்டும் செய்யக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. கல்லூரி விலங்கியல் வகுப்புகளிலேயே அறுத்துக் காட்டுவதை 2011-இல் குறைக்கச் சொன்ன யுஜிசி, 2014-இல் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டது. கண்மாய்த் தவளைக்கு வனவுயிர்ச் சட்டமும் குறுக்கே வரும்.

கசாப்புக் கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்குங்கள். குழாயில் பிடித்து, மேல் பெருஞ்சிரை வழியாகத் தண்ணீர் விடுங்கள். நுரையீரல் தமனி வழியாக வெளியே வரும். வலது பக்கம் என்ன வேலை செய்கிறது என்று ஒரு பிள்ளையும் மறக்காது. கண் அறுவை பழகும் டாக்டர்களே ஆட்டுக் கண்ணில்தான் பழகுகிறார்கள்.

ஒரு கல்லூரி என்னைக் கமிட்டியில் "சமூக அக்கறையுள்ள உறுப்பினர்" ஆகச் சேரச் சொல்கிறது. நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அறிவியல் தெரியாத நான் அங்கே என்ன செய்வேன்? (அண்ணா நகர்)

கட்டாயம் சேருங்கள் அம்மா. கல்லூரிக்குள்ளிருந்து 5 பேர், வெளியிலிருந்து 3 பேர் என்பது குழுவின் அமைப்பு. வெளியார் மூவரில் ஒருவர் மத்தியக் குழுவின் நாமினி, ஒருவர் வெளி நிறுவன விஞ்ஞானி, இன்னொருவர்தான் நீங்கள். உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சக ஊழியர்கள். கைடைப் பகைத்துக்கொள்ளத் தயங்குவார்கள். உங்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

மீட்டிங்குக்கு முன்னால் அனிமல் ஹவுஸைச் சுற்றிப் பாருங்கள். கதவைத் திறந்ததும் கண் எரிகிறதா? எரிந்தால் அமோனியா, உமி மாற்றி நாளாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலின் குழாய் முனையை விரலால் அழுத்துங்கள். அதிலுள்ள குண்டு அடைத்துக்கொண்டால், பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தும் எலி தாகத்தில் சாகும். எலியின் கண்ணோரம் சிவப்பாகப் பொடி படிந்திருக்கும் சில நேரம். ரத்தம் என்று பதற வேண்டாம், அது கண்ணீரோடு வரும் ஒரு நிறமி. ஆனால் அந்த எலி நோயிலோ பயத்திலோ இருக்கிறது, தன்னைத்தானே துடைத்துக்கொள்வதை விட்டுவிட்டது என்று அர்த்தம். ரோமம் சிலிர்த்து, முதுகு கூனி மூலையில் உட்கார்ந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டி "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எம்.எஸ்சி படித்திருக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள் என்றும் கேளுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு கல்லூரியில் சித்திரைத் திருவிழா விடுமுறை. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் காலை எனக்கு போன் வந்தது. ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டர் அந்த அறைக்கு மட்டும் மாறவில்லை. அறை 18 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். நான் போனபோது சுவரே சுட்டது. எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. சூடு தாங்காமல் எச்சிலை எடுத்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும். கழுத்தும் நெஞ்சும் நனைந்து, கம்பியோடு ஒட்டிக் கை கால் நீட்டிப் படுத்திருந்தன. 11 எலிகள் செத்துவிட்டன. எந்த ஆய்வும் கேட்காத சாவு அது. அந்த அறை சரியாக இருக்கிறது என்று 2 மாதம் முன்பு கையெழுத்துப் போட்டிருந்தவள் நான். ஏசி இருக்கிறதா என்று பார்த்தேன், ஜெனரேட்டரோடு இணைத்திருக்கிறதா என்று கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு இடத்திலும் மெயினை அணைத்துக் காட்டச் சொல்கிறேன்.

ஆட்டுக்கறி சாப்பிடுகிற ஊரில் எலிக்குக் கமிட்டி போடுவது வெறும் நாடகம் இல்லையா? (செல்லூர்)

கோபம் புரிகிறது. ஆனால் கமிட்டி பெரும்பாலும் பேசுவது சாவைப் பற்றி இல்லை. சாவுக்கு முன் ஆய்வு நடக்கும் 28 நாளையோ 90 நாளையோ பற்றித்தான். அந்த நாட்களில் அந்த உயிருக்கு வலி உண்டா, அதைக் குறைக்க வழி உண்டா என்பதுதான் பேச்சு.

என் அப்பாவுக்கு நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அந்த மருந்து, வெறிநோய்க் கிருமியை ஆட்டின் மூளையில் வளர்த்து எடுத்தது. அதற்காக ஆடுகள் செத்தன, போட்டுக்கொண்ட மனிதர்கள் சிலருக்கும் பக்கவாதம் வந்தது. செல்லில் வளர்த்த தடுப்பூசி வந்தபின் ஆட்டு மூளை மருந்தை 2004-இல் நம் நாட்டில் நிறுத்தினார்கள். விலங்குக்கு மாற்று தேடியதால் மனிதனுக்கும் நல்ல மருந்து கிடைத்தது. அதே நேரம் பாம்புக்கடி மருந்துக்கு இன்றும் குதிரையின் ரத்தம் வேண்டும், அதன் வீரியத்தைப் பார்க்கச் சுண்டெலி வேண்டும். வயலில் கண்ணாடி விரியன் கடித்து வருகிறவரிடம் அதை வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. முடியாத இடத்தில் குறைப்பதும், முடிகிற இடத்தில் நிறுத்துவதும்தான் நாங்கள் செய்வது.

ஜல்லிக்கட்டுக் காளைக்கும் இந்தக் கமிட்டிதானா? (பாலமேடு)

இல்லை தம்பி. சட்டம் அதே 1960 சட்டம், பிரிவு வேறு. 2014 தீர்ப்பு, 2017 தமிழ்நாட்டுத் திருத்தம், 2023-இல் அதை ஏற்ற தீர்ப்பு எல்லாம் அந்த வழியில் வந்தவை. எங்கள் வேலை ஆய்வும் பாடமும் மட்டும்.

ஒரு காலேஜில் இருந்து வந்து, என் வெள்ளாடுகளுக்குப் புது மருந்து கொடுத்து ரத்தம் எடுக்கணும் என்கிறார்கள். விடலாமா டாக்டரம்மா? (உசிலம்பட்டி)

அனுமதி எண்ணைக் கேளுங்கள் அண்ணே. ஆடு பெரிய விலங்குக் கணக்கு, கல்லூரிக் குழு மட்டும் சரி சொன்னால் போதாது, மத்தியக் குழுவுக்குப் போக வேண்டும். மருந்தின் பெயர், எத்தனை முறை ரத்தம், ஆடு படுத்துவிட்டால் யார் வந்து பார்ப்பார்கள், செத்தால் என்ன கொடுப்பார்கள், எத்தனை நாள் பாலும் கறியும் விற்கக் கூடாது என்பதையெல்லாம் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் ஆட்டை அவிழ்க்காதீர்கள்.

வௌவால் பற்றி ப்ராஜெக்ட். வலை கட்டிப் பிடித்து அளந்துவிட்டு விட்டுவிடுவேன். விடுவதற்கு எதற்கு அனுமதி? (எம்.எஸ்சி மாணவர், அழகர்கோவில்)

பிடிப்பதே அதற்குப் பெரிய விஷயம் தம்பி. வனத்துறை அனுமதி தனி, கமிட்டி தனி, இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டியைச் சுமந்திருக்கும் தாய் வலையில் விழுந்தால் அளக்காமல் உடனே விடுங்கள். வலையைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் வௌவால்களின் உடல் கடிகாரத்தை ஆராய்ந்த ஊர் இது, நல்ல மரபு இருக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். மேகமலையில் 1948-இல் பிடித்த ஒரு பழந்தின்னி வௌவாலை வேறு ஏதோ இனம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். உலகத்துக்கே புது இனம் என்று 1972-இல்தான் தெரிந்தது. சலீம் அலி பெயரை வைத்தார்கள். கையில் இருப்பது எது என்று தெரியாமல் ஒன்றைக்கூடக் கொன்று பாட்டிலில் போடாதீர்கள்.

விதியை மீறினால் என்ன தண்டனை? (வழக்கறிஞர், கே.கே.நகர்)

20-ஆவது பிரிவின்படி 200 ரூபாய் வரை அபராதம். 1960-இல் எழுதியது அப்படியே நிற்கிறது. மத்தியக் குழு ஆய்வையே தடுத்து நிறுத்தலாம், கல்லூரிகள் பயப்படுவது அதற்குத்தான். இந்தச் சட்டத்துக்கு விதை போட்டவர் நம் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1953-இல் மாநிலங்களவையில் தனி மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1962-இல் விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். அவர் பிறந்த ஊரில் இருந்து சொல்கிறேன், அந்த 200 ரூபாயை மாற்றியே ஆக வேண்டும்.

ஆய்வு முடிந்து மிஞ்சிய நல்ல எலிகளை வைகைக் கரையில் விட்டுவிடலாமா? (பி.ஃபார்ம் மாணவர்)

விடாதீர்கள். கூண்டில் பிறந்து வளர்ந்தது, ஒரு பகல் தாங்காது. பருந்தோ நாயோ முடித்துவிடும். கமிட்டியிடம் கேட்டால் இன்னொரு அனுமதி பெற்ற ஆய்வுக்கு மாற்றலாம், அல்லது வைத்துப் பராமரிக்க வழி சொல்வோம். அந்தச் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நாளைக்கு என் எலிகளைக் கொல்ல வேண்டிய நாள். 3 மாதம் நான்தான் தீனி போட்டேன். கை நடுங்குகிறது மேடம். (பெயர் வேண்டாம்)

நடுங்கும் கையோடு செய்யாதே கண்ணு. "என்னால் முடியாது, பழகியவரை வைத்துச் செய்யுங்கள்" என்று கைடிடம் சொல். கால்நடை மருத்துவர் கமிட்டியில் இருப்பதே இதற்கும் சேர்த்துத்தான். மற்ற எலிகள் இருக்கும் அறையில் வேண்டாம். அதன் சொந்தக் கூண்டிலேயே வைத்து கார்பன் டை ஆக்சைடு கேஸை மெதுவாகத் திறக்கச் சொல். மூச்சு நின்ற பிறகும் அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, நெஞ்சில் விரல் வைத்துத் துடிப்பு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு என்று எனக்கு இன்றிரவே சொல், நான் வந்துவிடுகிறேன்.