கேள்வி – பதில்: சபைப் பொறுப்பும் சாவிக்கொத்தும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியிருந்தன. குருப்பட்டம் பெறாத, ஊழியச் சம்பளம் வாங்காத, வாரநாட்களில் வேறு வேலை பார்க்கிற ஒரு விசுவாசி சபையில் பொறுப்பேற்கும்போது அவரிடம் என்ன இருக்க வேண்டும் என்பதே அந்தப் பொருள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் இறையியல் படித்தவன் அல்லன். ஒரு சபையில் சில ஆண்டுகள் பொருளாளராகவும், பிறகு பல ஆண்டுகள் செயலராகவும் இருந்தவன். அந்த அளவில் இதை வாசிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: எங்கள் சபையில் என்னைச் செயலராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்கு வேதாகமக் கல்லூரிப் படிப்பு இல்லை, மேடையில் பேசவும் வராது. அலுவலகத்தில் கோப்பு பார்த்தே பழகியவன். என்னைப் போன்ற ஒருவரிடம் முதலாவது எது இருக்க வேண்டும்?

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை நிதானமாக வாசியுங்கள். அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பிலிருந்துதான் அந்த ஏழு பேரின் நியமனமே பிறக்கிறது. வேலையோ பந்தி விசாரிப்பு, அதாவது உணவுப் பங்கீட்டைக் கவனிப்பது. அதற்குக் கேட்கப்பட்ட தகுதியோ நற்சாட்சியும், ஆவியும், ஞானமும். அவர்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை அப்போஸ்தலர்கள் சபையாரிடமே விட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்; ஆகவே குறை சொன்ன தரப்பினரிடமே சபை பொறுப்பைக் கொடுத்தது என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள். குறை சொல்கிறவரை வெளியே நிறுத்தப் பார்க்கும் நம் குழுக்களுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய செய்தி.

யாத்திராகமம் 18இல் எத்திரோ தம் மருமகன் மோசேக்குச் சொன்ன ஆலோசனையும் இதே திசையில்தான் போகிறது. காலை முதல் மாலை வரை தனியே உட்கார்ந்து வழக்குக் கேட்டால் நீயும் இளைத்துப்போவாய், ஜனங்களும் இளைத்துப்போவார்கள் என்று எச்சரித்துவிட்டு, திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுக்கும் மனம் ஆகிய நான்கும் உள்ளவர்களைத் தேடச் சொல்கிறார். நான்கில் ஒன்றே ஒன்றுதான் திறமை. நாமோ சபைத் தேர்தல் வந்தால் அந்த ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டுக் கைதூக்கிவிடுகிறோம்.

கோப்பு பார்க்கத் தெரிந்ததைக் குறைவாக எண்ண வேண்டாம். 1 கொரிந்தியர் 12இல் வரங்களை வரிசைப்படுத்தும்போது, குணமாக்கும் வரங்களோடு ஆளுகைகளையும் பவுல் சேர்த்தே சொல்கிறார். அங்கே வரும் கிரேக்கச் சொல் கப்பலின் சுக்கானைப் பிடிக்கிற வேலையோடு தொடர்புடையது. கடிதத்துக்குப் பதில் எழுதுவதும், கூட்டத் தீர்மானத்தைப் பிழையில்லாமல் குறிப்பேட்டில் ஏற்றுவதும் அந்த வகையைச் சேர்ந்தவைதான்.

முதலாவது எது என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்கள் தம் வேலையைத் திறந்து பார்க்க இடம் கொடுக்கிற மனம் என்பதே என் பதில். உதவிக்காரர்கள் முன்னதாகச் சோதிக்கப்பட்டு, அதன் பிறகே ஊழியம் செய்ய வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3 சொல்கிறது. அந்தச் சோதனை பதவியேற்கும் நாளோடு முடிந்துவிடுவதாக எண்ணிக்கொள்வதிலிருந்துதான் பாதித் தொல்லைகள் தொடங்குகின்றன.

கேள்வி: எங்கள் பொருளாளர் 18 ஆண்டுகளாகப் பொறுப்பில் இருக்கிறார். காணிக்கையை அவரே எண்ணுகிறார், அவரே வங்கியில் கட்டுகிறார், அவரே கணக்கெழுதுகிறார். இரண்டாவது ஆள் வேண்டும் என்று குழுவில் சொன்னேன். “அவரைச் சந்தேகப்படுகிறீர்களா?” என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்கள். நான் சொன்னது தவறா?

தவறே இல்லை. அவர் நல்லவர் என்பதற்காகவே இரண்டாவது ஆள் வேண்டும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். பொருளாளராக இருந்தபோது நானும் தனியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு மாலை, காணிக்கை உறைகளை வாங்கி வைத்தவர் எழுதிய சீட்டில் 37 என்று இருந்தது. மேசைமேல் இருந்தவை 36. மூன்று முறை எண்ணினேன். ஆலயத்தில் வேறு யாரும் இல்லை. கதவைப் பூட்டுவதற்காக வெளியே ஒருவர் காத்திருந்தார். அரை மணி நேரம் கழித்து, காணிக்கைப் பையின் உள்துணியில் தையல் விட்டிருந்த இடத்தில் அந்த உறை செருகிக்கிடந்தது கைக்குத் தட்டுப்பட்டது. அது கிடைக்காமல் போயிருந்தால் எனக்காகச் சாட்சி சொல்ல அந்த அறையில் நாற்காலிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. அடுத்த வாரமே குழுவிடம் இரண்டு பேரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எருசலேம் சபையின் ஏழைகளுக்காகத் திரட்டிய தர்மப் பணத்தைப் பவுல் எப்படிக் கையாண்டார் என்பது 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தெரிந்துகொள்ளப்பட்டவர். அதற்கான காரணத்தையும் அவர் மறைக்கவில்லை. இவ்வளவு பெரிய தொகையைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்ல இடமிருக்கக் கூடாது, கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனிதருக்கு முன்பும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்கிறார். அப்போஸ்தலரே தமக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு நம் பொருளாளருக்கு அவமானமாகிவிடாது.

திருச்சபை மரபுகளும் இதைப் பல வடிவங்களில் பின்பற்றியிருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபையிலும்) நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. ஆங்கிலிக்கன் மரபில் ஆலயக் கண்காணிப்பாளர் பொறுப்பில் வழக்கமாக இருவரை வைப்பார்கள். உங்கள் குழுவில் இதை எழுப்பும்போது ஆளைப் பற்றிப் பேசாமல் நடைமுறையைப் பற்றி மட்டும் பேசுங்கள். ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் ஆராதனை முடிந்தவுடன் ஆலயத்திலேயே எண்ணி, தொகையைச் சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். பணத்தை வங்கியில் கட்டுகிறவர் ஒருவர், கணக்கெழுதுகிறவர் வேறொருவர் என்று பிரித்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை குழுவில் இல்லாத ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். முடியுமானால் அந்தப் பொருளாளரிடமே முதலில் தனியாகப் பேசி, தீர்மானத்தை அவரையே முன்மொழியச் செய்யுங்கள். நேர்மையானவர்களுக்கு இது பாரம் குறைகிற காரியம் என்பதால், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: சபைக்கு அதிகமாகக் கொடுக்கிறவரைக் குழுவில் சேர்த்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவருக்குப் பாதபடியும் காட்டிய சபையை யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில் எப்படிக் கடிந்துகொள்கிறார் என்று பாருங்கள். அவரிடம் மற்றத் தகுதிகள் இருந்தால் தாராளமாக வரட்டும். கொடுத்ததை அந்தத் தகுதிகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழு மாதம் தவறாமல் கூடுகிறது. கட்டடம், பழுதுபார்ப்பு, விழா ஏற்பாடு என்றே பேசிக் கலைகிறோம். ஒரு குடும்பம் நான்கு மாதமாக ஆலயத்துக்கு வராததை அவர்கள் வேறு சபையில் சேர்ந்த பிறகுதான் அறிந்தோம். எங்கே தவறுகிறோம்?

பொருளைப் பற்றிப் பேசுகிற சாக்கிலேயே மனிதரைச் சந்திக்க வழியுண்டு என்பதற்கு வரலாற்றில் ஓர் அருமையான சான்று இருக்கிறது. 1742 பிப்ரவரியில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்ட் சங்கத்தார் தங்கள் கட்டடக் கடனை அடைப்பது எப்படி என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்றார் இன்னொருவர். முன்மொழிந்தவர் ஒரு கப்பல் தலைவர். ஃபாய் என்பது அவர் பெயர். மிக ஏழைகளான பதினொருவரை என்னிடம் விடுங்கள், வாரந்தோறும் நானே போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நானே சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்று அவர் பதில் சொன்னார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்துக்கொண்டார்கள்.

பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டு நிலவரத்தோடு திரும்பி வந்தார்கள். யார் தடுமாறுகிறார், யார் வழி விலகுகிறார் என்பதெல்லாம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு அப்படித்தான் தெரியவந்தது. கடன் வசூலுக்காகப் பிறந்த அந்த ஏற்பாடு, சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்ற வகுப்புக் கூட்டமாக வளர்ந்து மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பானது. அந்தத் தலைவர்கள் பெரும்பாலும் சாதாரணத் தொழில் செய்தவர்கள்.

ஆகவே புதிய துணைக்குழு எதுவும் அமைக்க வேண்டாம். துணைக்குழுக்களுக்கு நம்மிடம் எப்போதும் பஞ்சமில்லை. சபையின் குடும்பப் பட்டியலைக் குழு உறுப்பினர்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கட்டடத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்பாக, அவரவர் பங்கில் உள்ளவர்களைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லட்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: வீட்டில் நம்பிச் சொல்லப்பட்டது குழு மேசைக்கு வரக்கூடாது. “அந்த வீட்டுக்குப் போதகர் ஒருமுறை போய்வந்தால் நல்லது” என்பதோடு நிறுத்திக்கொள்ளத் தெரிவது இந்தப் பொறுப்புக்கு மிகவும் தேவை. நாவடக்கம் இல்லாத ஒருவரால் ஒரு சபையின் கதவுகளெல்லாம் சாத்தப்பட்டுவிடும்.

கேள்வி: போதகர் எடுக்கிற ஒரு முடிவு தவறு என்று எனக்கு உறுதியாகத் தெரிகிறது. எதிர்த்துப் பேசினால் ஊழியக்காரரை எதிர்க்கிறேன் என்கிறார்கள். பேசாவிட்டால் என் மனச்சாட்சி விடுவதில்லை. எப்படி நடந்துகொள்வது?

முதலில் உங்கள் சபையின் விதிப்புத்தகத்தை எடுத்து, உங்களுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள். மரபுக்கு மரபு இது வேறுபடுகிறது. கத்தோலிக்கப் பங்குகளில் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. பிரஸ்பிட்டேரியன் மரபில் மூப்பர்களும் போதகரும் ஒன்றாக அமர்ந்து ஆளுகிறார்கள். சபையாரே இறுதி முடிவெடுக்கும் மரபுகளும் உள்ளன. இது தெரியாமல் சண்டைக்குப் போகிறவர்களே அதிகம்.

பேச வேண்டிய விதத்துக்கு, கூடாரத் தொழிலாளர்களான ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 18இல் வருகிற போதகர் அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், பேச்சில் கெட்டிக்காரர். ஆனால் யோவான்ஸ்நானனின் ஞானஸ்நானத்தை மட்டும் அறிந்திருந்தார். இவர்கள் ஜெப ஆலயத்தில் எழுந்து அவரைத் திருத்தவில்லை. தனியே சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். (ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இவர்களை வாழ்த்தும்போது மனைவியின் பெயரைத்தான் பவுல் முதலில் எழுதுகிறார். பெண்களுக்குச் சபைப் பொறுப்புத் தரலாமா என்று கேட்டு எழுதிய மூவருக்கும் இதையே பதிலாகச் சொல்லிவிடுகிறேன்.) அந்த விளக்கத்தால் அப்பொல்லோ சிறுமைப்படவில்லை, அதற்குப் பிறகு கிரேக்க நாட்டின் அகாயாவில் அவர் அதிகப் பயனுள்ளவராகவே இருந்தார்.

ஆகவே கூட்டத்துக்கு முன்பே போதகரை நேரில் பாருங்கள். அவர் இசையாவிட்டால் கூட்டத்தில் மரியாதையோடு சொல்லுங்கள். பெரும்பான்மை உங்களுக்கு எதிராகப் போனால், உங்கள் மாற்றுக் கருத்தைக் குறிப்பேட்டில் பதியச் சொல்லிவிட்டு, வெளியே வாகன நிறுத்தத்தில் இரண்டாவது கூட்டம் நடத்தாமல் வீட்டுக்குப் போங்கள். ஆனால் பணமோசடியோ, குழந்தைகளுக்கும் எளியவர்களுக்கும் எதிரான தீங்கோ என்றால் இந்த நிதானம் பொருந்தாது. அங்கே மௌனம் விசுவாசம் ஆகாது. திருச்சபையின் மேலதிகாரிகளிடமும், நாட்டின் சட்டத்திடமும் தாமதமின்றிப் போக வேண்டும்.

கேள்வி: இளைஞர்கள் யாரும் பொறுப்பெடுக்க முன்வருவதில்லை. நாங்கள் ஓய்வுபெற்றால் சபை என்னவாகும்?

நீங்கள் ஓய்வுபெறப் போவதாக அவர்களில் யாராவது நம்புகிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். யோவானின் மூன்றாம் நிருபத்தில் வருகிற தியோத்திரேப்பு எல்லாவற்றிலும் முதன்மையாயிருக்க விரும்பியவர். யோவான் எழுதியதை ஏற்கவில்லை, வந்த சகோதரரைச் சேர்க்கவில்லை, சேர்க்க நினைத்தவர்களையும் தடுத்தார். அவ்வளவு தூரம் போகாமலேயே, “இதெல்லாம் உனக்குப் புரியாது தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற ஒரு வரியில் நாம் அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிடலாம்.

நான் செயலரானபோது எனக்கு முன்பிருந்தவர் ஒரு சாவிக்கொத்தைக் கையில் தந்தார். அதில் 14 சாவிகள். மூன்று எந்தப் பூட்டுக்கும் பொருந்தவில்லை. அவரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, அவருக்கு முன்பிருந்தவர் தந்ததாம். என்றைக்காவது தேவைப்படலாம் என்று நானும் அவற்றைச் சுமந்தேன். பதவிக்காலம் முடிந்து, 26 வயதுப் பெண் ஒருவரிடம் கொத்தை ஒப்படைத்தேன். அவர் அன்று பிற்பகலே ஒவ்வொரு கதவாக, அலமாரியாகப் போய்ச் சாவிகளைப் போட்டுப் பார்த்து, பதினொன்றுக்குச் சீட்டு எழுதிக் கட்டினார். மிச்சம் மூன்றையும் என் முன்னால் மேசையில் வைத்து, “இவற்றை ஏன் ஐயா இத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.