அவசரத்துக்கு என்று ஒரு பணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். சம்பளம் வருகிறது, போகிறது, கையில் ஒன்றும் நிற்பதில்லை. இதில் அவசரத்துக்கு எங்கே எடுத்து வைப்பது? படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. நாம் அவசரம் என்று சொல்லும் செலவுகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே தெரிந்த செலவுகள். ஸ்கூல் பீஸ், தீபாவளி, வண்டி இன்சூரன்ஸ், மொய் எல்லாம் தேதி சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. இவற்றுக்குத் தனியாக ஒதுக்கிவிட்டால், அவசர நிதிக்கு வேண்டிய தொகை நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்காது.

நானும் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வாரச் சம்பளம். ஆறு மாதச் சம்பளத்தை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். ஆறு நாள் சம்பளமே நிற்பதில்லை. என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

ஆறு மாதச் சம்பளம் வேண்டாம். பார்க்க வேண்டியது செலவை. அதிலும், வேலை நின்றுபோனால்கூடத் தள்ளிப்போட முடியாத செலவை மட்டும். நீங்கள் அனுப்பிய கணக்கிலிருந்து எடுக்கிறேன்: வாடகை 5,500, மளிகை, பால், காய்கறி 7,000, சிலிண்டர் 900, பையனின் ஸ்கூல் வேன் 1,200, கரண்ட், போன், மருந்து 1,400. மொத்தம் 16,000 ரூபாய். உங்கள் முதல் இலக்கு இந்த ஒரு மாதத் தொகைதான். மூன்று மாதம், ஆறு மாதம் என்பதையெல்லாம் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வாரம் 400 ரூபாய் எடுத்து வைத்தால் 40 வாரத்தில் 16,000 சேர்ந்துவிடும். தீபாவளி போனஸில் பாதியை இதில் போட்டால் இன்னும் சீக்கிரம். ஆனால் 400-ஐ சனிக்கிழமை சாயங்காலமே பிரித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி, துணி, வெளியில் சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு மிச்சத்தைச் சேமிக்கலாம் என்று இருந்தால் மிச்சம் இருக்காது. போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு 500 ரூபாயில் தொடங்கலாம், 4 சதவீத வட்டி உண்டு. அங்கேயே ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) போடச் சொல்வார்கள். அவசரப் பணத்துக்கு அது வேண்டாம். அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. ஒரு வருடம் கட்டிய பிறகு பாதித் தொகையைக் கடனாக வாங்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. இருவரும் ஒரே தொழிலில் இருக்கிறீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர் எப்படிக் குறைந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் வேறு வேறு தொழிலில் இருந்தால் ஒருவர் சம்பளம் நின்றாலும் மற்றவர் சம்பளம் ஓடும். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே வாரத்தில் நிற்கக்கூடும். அதனால் ஒரு மாதத் தொகை சேர்ந்ததும் நிறுத்தாதீர்கள். அதே 400-ஐத் தொடர்ந்து போட்டு நான்கு மாதச் செலவுவரை கொண்டுபோங்கள்.

வயது 26. சென்னையில் ஐ.டி. வேலை. கைக்கு 62,000 வருகிறது. 20-ஆம் தேதிக்குள் காலி. பெரிதாக எதுவும் வாங்குவதில்லை. டீ, சிகரெட்டை நிறுத்தினால் போதுமா?
– வாசகர், பெருங்குடி

ஒரு மாத ஸ்டேட்மென்டையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. வரி வரியாகப் பார்த்தேன். சிகரெட்டை உடம்புக்காக நிறுத்துங்கள். பணக் கணக்கில் டீக்கடை குற்றவாளி இல்லை. 20, 35 என்று நிறைய வரிகள் இருந்தாலும் கூட்டினால் 1,150 ரூபாய்தான். சாப்பாட்டு ஆப்புக்கு 9,400, பத்து நிமிடத்தில் பொருள் கொண்டுவரும் ஆப்புக்கு 6,100 போயிருக்கிறது. நேரத்தையும் கவனித்தேன். சாப்பாட்டு ஆர்டர்களில் முக்கால்வாசி இரவு பத்தரைக்கு மேல். ஷிப்ட் முடிந்து பசியோடு ரூமுக்கு வந்து போனை எடுக்கிறீர்கள். இது ஊதாரித்தனம் இல்லை, வீட்டில் சாப்பிட எதுவும் இல்லாததால் வரும் செலவு. மாவு, முட்டை, தயிர், பிரெட் இருந்தால் வாரத்தில் நான்கு நாள் அந்த ஆப்பைத் திறக்கவே மாட்டீர்கள். பக்கத்து மெஸ்ஸில் மாதக் கணக்கு வைப்பது இன்னும் சுலபம்.

அடுத்தது கட்டுப்பாடு. மனதைக் கட்டுப்படுத்தச் சொல்லிப் பயனில்லை, வழியை மாற்ற வேண்டும். சம்பளக் கணக்கை யு.பி.ஐ. ஆப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்னொரு வங்கிக் கணக்கை மட்டும் இணைத்து, திங்கள்தோறும் 4,000 ரூபாய் தானாக அதற்குப் போகும்படி சம்பள வங்கியில் சொல்லி வையுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்துபோனால் அது அன்றே தெரிந்துவிடும், 20-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம், ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் பார்க்காத இரண்டு ஓ.டி.டி., போகாத ஜிம் ஒன்று மாதாமாதம் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஒன்றாம் தேதி 10,000 ரூபாயைத் தனியாக மாற்றிவிடுங்கள். உங்களுக்கு லிக்விட் பண்டும் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் பண்ட்) சரிப்படும். சில நிறுவனங்களின் திட்டங்களில் 50,000 ரூபாய் அல்லது இருப்பில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவரை உடனே எடுக்கலாம். மீதி அடுத்த வேலை நாளில் வரும். சில நிமிடம் யோசிக்க வைக்கும் அளவுக்கு எட்டி இருப்பது உங்களைப் போன்றவருக்கு நல்லது.

கிரெடிட் கார்டில் 80,000 பாக்கி. மினிமம் டியூ (மாதாமாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டுகிறேன். பேங்கில் 40,000 அவசரத்துக்கு வைத்திருக்கிறேன். அதைத் தொட வேண்டாம் என்று நினைப்பது சரியா?
– வாசகர், கோவை

சரியில்லை. மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். 80,000-க்கு 2,800, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 504, ஆக 3,304 ரூபாய். மினிமம் டியூவாக 5 சதவீதம், அதாவது 4,000 கட்டினால் கடன் குறைவது 696 ரூபாய் மட்டும். அந்தப் பக்கம் பேங்கில் இருக்கும் 40,000-க்கு ஒரு வருடத்துக்கே ஆயிரம் ரூபாய் சொச்சம்தான் வட்டி. 10,000-ஐ நிறுத்திக்கொண்டு 30,000-ஐ நாளைக்கே கார்டில் கட்டுங்கள்.

பாக்கி இருக்கும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். பாக்கி வைத்திருப்பவருக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். கடன் முழுதும் தீர்ந்த பிறகு, கார்டுக்குக் கட்டிய அதே தொகையை அவசர நிதிக்குத் திருப்புங்கள். அந்தப் பணம் இல்லாமல் குடும்பம் நடத்த ஏற்கெனவே பழகியிருப்பீர்கள்.

வீட்டில் பத்து சவரன் இருக்கிறது. நகைச் சீட்டும் கட்டுகிறேன். ஆபத்துக்கு நகையை வைத்துக்கொள்ளலாம்தானே? தனியாகப் பணம் எதற்கு?
– வாசகி, தஞ்சாவூர்

நகை நல்ல இரண்டாவது அரண். கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ வைத்தால் வட்டி கைக்கடனைவிட எவ்வளவோ குறைவு. 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதியைத் தளர்த்தியது. ஆனால் நீங்கள் கொடுத்த செய்கூலி, சேதாரம், கல் எடை எதுவும் அந்த மதிப்பில் சேராது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால் பேங்க் திறந்திருக்காது. அப்போதுதான் அவசரத்துக்கு அடகுக் கடை, நூற்றுக்கு மூன்று வட்டி என்று போய் நிற்போம். மாதம் நூற்றுக்கு மூன்று என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். ஒரு மாதச் செலவுக்கான பணம் கணக்கில் இருந்தால் நகையை நிதானமாக, நல்ல இடத்தில் வைக்க அவகாசம் கிடைக்கும்.

நகைச் சீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். முடிவில் நகையாகத்தான் தருவார்கள்.

எங்கள் பக்கம் மாதத்துக்கு நாலு விசேஷம். மொய் செய்யாமல் இருக்க முடியாது. சேர்த்து வைத்தது எல்லாம் மொய்க்கே போகிறது.
– வாசகர், தேனி மாவட்டம்

மொய்யை நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். உங்கள் வீட்டு விசேஷத்தில் வந்த பணத்தைத்தான் திருப்பிச் செய்கிறீர்கள், அது முறை. ஆனால் இதைவிடத் துல்லியமாக எழுதி வைத்த செலவு வேறு எதுவும் இல்லை. மொய் நோட்டை எடுங்கள். யார் யார் எவ்வளவு செய்தார்கள் என்று ஊர் ஊராக இருக்கும். அந்த வீடுகளில் கல்யாண வயதில் யார், காதுகுத்து எந்த வீட்டில், புதுவீடு கட்டுவது யார் என்று உட்கார்ந்து யோசித்தால், அடுத்த வருடம் திருப்ப வேண்டிய தொகை முக்கால்வாசி தெரிந்துவிடும். அதைப் பன்னிரண்டால் வகுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆவணியிலும் தையிலும் வரிசையாக வரும். எல்லா மாதமும் ஒரே தொகை போட்டால்தான் அந்த மாதங்களைச் சமாளிக்க முடியும்.

நீங்கள் எழுதிய ஒரு விசேஷக் கணக்கில் மொய் 1,000 ரூபாய். வேன் பங்கு, புதுச் சேலை, பிள்ளைகளுக்குச் சட்டை, வழிச்செலவு 2,700. சுற்றி நடப்பதுதான் உங்களைச் சாய்க்கிறது. நெருங்கிய சொந்தத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். மற்றவற்றுக்கு வீட்டிலிருந்து ஒருவர் போய்ச் செய்துவிட்டு வந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

உங்கள் வீட்டில் விசேஷம் வைத்து மொத்தமாக மொய் வரும்போதும் இதை நினைவில் வையுங்கள். அது வருமானம் இல்லை, வட்டியில்லாக் கடன். அதில் ஒரு பங்கையாவது அப்படியே வைப்புத்தொகையில் போட்டுவிடுங்கள்.

என் சிறுவாட்டுப் பணம் கொஞ்சம் வீட்டிலேயே இருக்கிறது. பேங்கில் போடவா?
– வாசகி, தூத்துக்குடி

ஐந்தாயிரம் வரை சில்லறை நோட்டுகளாக வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பர் மழையில் கரண்டும் டவரும் போய் யு.பி.ஐ. எதுவும் ஓடாமல் நின்றதை உங்கள் மாவட்டம் பார்த்தது. மீதியை உங்கள் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். 2016 நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது எத்தனை வீட்டில் சிறுவாடு வெளியே வந்தது என்று தெரியும்.

குடும்பத்தின் அவசரப் பணம் கணவர் பெயரில் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாமினியாக உங்கள் பெயர் இருப்பது அவர் காலத்துக்குப் பிறகுதான் உதவும். அவர் ஐ.சி.யூ.வில் இருந்தால் நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள்.

கூட்டுறவு வங்கியில் வட்டி கூடுதல். அவசர நிதியை அங்கே வைக்கலாமா?
– வாசகர், சேலம்

வங்கி என்றால் வைக்கலாம். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. எது என்று பாஸ்புக்கில் பெயரைப் பாருங்கள்.

ஆட்டோ ஓட்டுகிறேன். இரண்டு வருடம் சேர்த்த 30,000-ல் மனைவியின் ஆபரேஷனுக்கு 22,000 போய்விட்டது. மறுபடி முதலிலிருந்தா என்று வெறுப்பாக இருக்கிறது.
– வாசகர், மதுரை

கடன் வாங்காமல் ஆபரேஷன் முடிந்திருக்கிறது. அந்தப் பணம் எதற்காக இருந்ததோ அந்த வேலையைச் செய்துவிட்டது. இன்னும் 8,000 கையில் இருக்கிறது. தினமும் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பும்போது 50 ரூபாய் எடுத்து வைத்தால், மாதம் 25 நாள் ஓட்டினாலும் ஒன்றரை வருடத்தில் 22,000 திரும்பிவிடும்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லையென்றால் இந்த வாரமே விஏஓ-விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்தில் எல்லோர் பெயரும் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.