நீர் தேங்கும் தோட்டத்தில் வெட்டிவேர் வளருமா? எப்படி நடுவது?

மொரிசியசில், மழைக்காலத்தில் ஓடை பெருகி நீர் நிற்கும் உங்கள் தோட்டத்து ஓரத்தில் வெட்டிவேர் நட்டால் கரை அரிக்காமல் இருக்குமா, வேரும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தீவில் பல ஆண்டுகளாக இதை வளர்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் கிடைக்கும், ஆனால் ஒரே வரிசையிலிருந்து கிடைக்காது.

வெட்டிவேர் இந்தியாவின் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் இயல்பாக வளரும் பல்லாண்டுப் புல். அடித்தூர் நீரில் நனைந்து நின்றாலும் அழுகாது. வேரூன்றிய பின் வறட்சியையும் தாங்கும். வேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழிறங்குவதால், நல்ல ஆழமான மண்ணில் முதல் ஆண்டிலேயே 3 மீட்டர் வரை செல்லக்கூடும். நம் தீவின் கற்கள் நிறைந்த எரிமலை மண்ணில் அவ்வளவு ஆழம் எல்லா இடத்திலும் வாய்க்காது என்றாலும், கரையைப் பிடித்து நிறுத்த அதைவிடக் குறைவான ஆழமே போதும். கரும்புத் தோட்டங்களின் பாதையோரங்களில் இதை வேலியாக நட்டதும் இந்தக் குணத்துக்காகத்தான்.

நாற்றை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். பயிரிடப்படும் தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை, ஆகவே நட்ட இடத்தை விட்டுப் பரவாது. விதை கொட்டும் காட்டு வகையும் உண்டு. சீனக்கொய்யா நம் காடுகளை எப்படி ஆக்கிரமித்தது என்பதைக் கண்முன் பார்க்கிற நாம், விதையை எங்கிருந்தும் வரவழைக்கக் கூடாது; இங்கே நெடுங்காலமாக இருக்கும் வேலியிலிருந்து ஒரு தூரைக் கேட்டு வாங்குவதே முறை.

நவம்பர், டிசம்பரில் முதல் மழை பெய்து மண் நனைந்ததும் நடலாம். தூரைத் தோண்டி, இரண்டு மூன்று சிம்புகள் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) சேர்ந்திருக்கும்படி பிரித்து, இலையை 20 செ.மீ. அளவுக்கும் வேரை 10 செ.மீ. அளவுக்கும் நறுக்கிக்கொள்ளுங்கள். கரைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில், 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக நட வேண்டும். இடையில் ஒரு நாற்று பட்டுப்போனால் வெள்ளம் அந்தச் சந்து வழியாகவே மண்ணை இழுத்துச் செல்லும் என்பதால், பட்ட இடத்தில் உடனே வேறு நாற்றை வையுங்கள். முதல் இரண்டு மூன்று மாதங்களில் மழை பொய்த்தால் நீர் ஊற்றுவதும், இளம் நாற்று முழுவதும் நாட்கணக்கில் மூழ்கிவிடாமல் பார்ப்பதும் அவசியம். மா, லிச்சி மரங்களின் அடியில் நடாதீர்கள். வெள்ளத்தைத் தாங்கும் இந்தப் புல் நிழலைத் தாங்காது. பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு அரிந்துவிட்டால் பக்கச் சிம்புகள் வெடித்து வேலி இறுகும். அரிந்த தாளை மூடாக்காகப் பயன்படுத்தலாம். அண்டைத் தீவான ரீயூனியனில் அதைக் கொண்டு கூரையே வேய்ந்திருக்கிறார்கள்.

இனி வேர். அதை எடுக்க வேண்டுமானால் தூரையே பெயர்க்க வேண்டும், அப்படிப் பெயர்த்த கரை அடுத்த புயல் மழையில் கரைந்துபோகும். வாசனை எண்ணெய்க்காகச் சரிவு நிலங்களில் வேர் தோண்டும் ஹைட்டியில் மண் அரிப்பு பெருந்துயரமாக இருப்பதை அறிந்தவர்கள் கரை வரிசையில் கடப்பாரை வைக்க மாட்டார்கள். வேருக்கென்று சமதளத்தில் தனிப் பாத்தி போடுங்கள், அல்லது மணலும் மக்கிய உரமும் கலந்து நிரப்பிய சாக்குகளில் நடுங்கள். சாக்கைக் கிழித்தால் வேர் அறுபடாமல் முழுதாக வரும். நட்டு ஒன்றரை ஆண்டு ஆவதற்குள் எடுக்கும் வேர் மெலிந்திருக்கும், மணமும் குறைவு. எடுத்ததை மண் போக அலசி நிழலில் உலர்த்துங்கள்.

வீட்டுக் கழிவுநீர் உங்கள் ஓடையில் கலக்கிறது என்றால், அங்கே வளர்ந்த வேரைக் குடிநீர்ப் பானையில் போடாதீர்கள். கழிவிலுள்ள உலோகங்களை வேரில் சேர்த்து வைக்கும் இயல்பு இதற்கு உண்டு. பானைக்கான வேரைச் சாக்கிலிருந்து மட்டும் எடுங்கள்.